46 என்பது மதிப்பெண் அல்ல

எங்கே பேசப் போனாலும் கேள்வி நேரத்தில் இது வந்துவிடுகிறது. கல்லூரிக் கருத்தரங்கு, ஆசிரியர் பயிற்சி, மீன் வளர்ப்போர் கூட்டம், எதுவும் விதிவிலக்கில்லை. கேட்பவர் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டுவந்திருப்பார். நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். "மீனுக்குக் குரோமோசோம் கம்மி, தவளைக்குக் கொஞ்சம் கூட, அப்படியே ஏறி ஏறி மனுஷனுக்கு 46 ஆச்சு. அதுதானே சார் பரிணாமம்?"

இல்லை. ஒரே சொல்லில் முடிக்கலாம்தான். முடித்துவிட்டு வந்தால் அடுத்த ஊரிலும் அதே கேள்வி காத்திருக்கிறது. அதனால் இந்த முறை ஆற அமர உட்கார்ந்து இதை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பதாக இருக்கிறேன்.

ஏதாவது ஒரு பண்ணைக் குட்டைக்குப் போங்கள். கூட்டு மீன் வளர்ப்பு என்று ஆறு இனக் குஞ்சுகளை ஒன்றாக விட்டிருப்பார்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் ஆளுக்கு 50 குரோமோசோம். வெள்ளிக்கெண்டைக்கும் புல்கெண்டைக்கும் 48. சாதாக்கெண்டைக்கு 100. அழையா விருந்தாளியாக ஜிலேபிக் கெண்டை புகுந்திருந்தால் அதற்கு 44. கரையில் நின்று தவிடு போடுகிறவருக்கு 46. இதில் யார் மேல்படி, யார் கீழ்ப்படி? சாதாக்கெண்டையைத்தான் நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும். தவளைக்குக் கூட என்றீர்களே, குளியலறை மூலையில் உட்கார்ந்திருக்கும் தேரைக்கு வெறும் 22.

குட்டையை விட்டு வெளியே வந்தாலும் இதே கதைதான். கோழிக்கும் நாய்க்கும் 78. உருளைக்கிழங்குக்கு 48, சிம்பன்சிக்கும் 48. மனிதக் குரங்குகளில் தனித்தனியாக இருக்கும் இரண்டு குரோமோசோம்கள் நம் வழியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் நம்முடைய 2ஆம் எண் குரோமோசோம் ஆயிற்று. ஒட்டிய இடத்தின் தழும்பை 1991இல் டிஎன்ஏ வரிசையிலேயே படித்துவிட்டார்கள். அதாவது 'ஏறி ஏறி வந்தது' என்கிற கதையின் கடைசிப் படியிலேயே எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. இன்னும் கேட்க வேண்டுமென்றால், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குரைக்கிற கேளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டைக்கு 6, கிடாவுக்கு 7. அதன் சீனத்து உறவுக்கு 46. இரண்டும் ஒரே பேரினம், பார்த்தாலும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உச்சத்தில் இருப்பது ஒரு பெரணி: ஓபியோகுளாசம் ரெட்டிகுலேட்டம், 1,260 குரோமோசோம்கள். எண்ணிச் சொன்னவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை. ஆபிரகாமும் நைனானும் 1954இல் திருவனந்தபுரத்தில் இருந்து எழுதினார்கள். பெரணியை மனிதனுக்கு 27 மடங்கு மேலே வைக்கச் சம்மதமா?

46 என்ற எண்ணை இத்தனை பயபக்தியோடு உச்சரிக்கிறார்களே, அந்த எண்ணே முப்பது வருஷத்துக்கு மேல் தவறாக இருந்தது. 1923இல் அமெரிக்காவின் தியோஃபிலஸ் பெயின்டர் மனிதனுக்கு 48 என்றார். பிறகு எண்ணியவர்களும் 48தான் கண்டார்கள். காண வேண்டும் என்று எதிர்பார்த்ததைக் கண்டார்கள். செல்லை உப்புச்செறிவு குறைந்த நீரில் ஊறவைத்துப் பருக்கச் செய்தால் குரோமோசோம்கள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பிரிந்து நிற்கும் என்ற நுட்பம் 1950களில் கைக்கு வந்தது. அதன் பிறகுதான், 1956இல், ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 46 என்று திருத்தினார்கள். மீனில் இந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும்: கொல்ச்சிசின் ஊசி போட்டு, சிறுநீரகத்தை எடுத்து, ஊறவைத்து, ஜிம்சா சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சாதாக்கெண்டையின் நூறும் கடுகு கொட்டியது போலக் கிடக்கும். அதை எண்ணி முடிப்பதற்குள் எண்ணிக்கையின் மேல் இருக்கிற பக்தியெல்லாம் தானாகவே போய்விடும்.

குரோமோசோம் என்பது டிஎன்ஏவைக் கட்டிவைத்திருக்கும் கட்டு. பொன்னியின் செல்வனை ஐந்து புத்தகமாகவும் விற்கிறார்கள், ஒரே தடிப் புத்தகமாகவும் விற்கிறார்கள். ஐந்தாக வாங்கியவருக்குக் கதை அதிகமாகக் கிடைப்பதில்லை. கட்டு உடையும், இரண்டு கட்டு ஒட்டும், ஒரு கட்டின் நடுப்பகுதி தலைகீழாகத் திரும்பும், ஒன்றின் துண்டு இன்னொன்றில் போய்ச் சேரும். இதெல்லாம் நடப்பதற்கு அந்த உயிர் உயர்ந்ததாகவோ தாழ்ந்ததாகவோ இருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் குரோமோசோமில் படிக்க ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. எத்தனை என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எந்த மரபணுவோடு எந்த மரபணு ஒரே குரோமோசோமில் கூடிக் குடியிருக்கிறது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் கொடுத்தவை மீன்கள். அதுவும் முதலில் பதில் கொடுத்தது, நம் கடற்கரையில் வலையில் சிக்கினால் தூக்கி எறியும் பேத்தை மீனின் உறவுக்காரன்.

ஜப்பான்காரர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சாப்பிடுகிற ஃபுகு என்னும் பேத்தையின் மொத்த டிஎன்ஏ சுமார் 40 கோடி எழுத்து. நம்முடையது 300 கோடிக்கு மேல். மரபணுக்களின் எண்ணிக்கையோ ஏறக்குறைய நம்மை ஒட்டித்தான். இடையில் உள்ள நிரப்பல்தான் குறைவு. குறைந்த செலவில் மரபணுக்களைப் படிக்க இதைவிடத் தோதான முதுகெலும்பி இல்லை என்று சிட்னி பிரென்னர் 1993இல் வாதாடினார். 2002இல் ஃபுகுவின் வரைவு வெளிவந்தது; மனிதனுக்கு அடுத்து ஜீனோம் படிக்கப்பட்ட முதுகெலும்பி அதுதான். இரண்டு ஆண்டு கழித்து, கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் பச்சைப் புள்ளிப் பேத்தை, டெட்ராடான். பிரெஞ்சு ஜீனோஸ்கோப் நிறுவனமும் அமெரிக்கக் குழுவும் சேர்ந்து இதன் 21 ஜோடிக் குரோமோசோம்களையும் மனிதனின் 23 ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

வெளிப்பட்டது என்ன? மனிதக் குரோமோசோமில் ஒரு நீண்ட பகுதியை எடுங்கள். அதில் வரிசையாக உள்ள மரபணுக்களுக்கு டெட்ராடானில் இணையைத் தேடினால், ஒன்று இந்தக் குரோமோசோமில், அடுத்தது அந்தக் குரோமோசோமில், மறுபடி இந்தக் குரோமோசோமில் என்று இரண்டே இடங்களில் மாறி மாறி வந்து விழுகின்றன. ஜீனோம் முழுக்க இப்படியே. அங்கொன்றும் இங்கொன்றுமாக மரபணுக்கள் நகலானால் இந்த ஒழுங்கு கிடைக்காது. ஒரு காலத்தில் மொத்த ஜீனோமும் ஒரேயடியாக இரட்டித்தது, பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் பெரும்பாலும் ஒன்று தொலைந்தது, எது தொலைந்தது என்பது இடத்துக்கு இடம் மாறியது என்றால் மட்டுமே இது பொருந்துகிறது. இரட்டிப்பு நடந்து 30 கோடி ஆண்டுக்கு மேல் இருக்கும். எலும்பு மீன்களில் பெருங்கூட்டமான டீலியோஸ்ட் மீன்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதையிடம் அது நடந்தது. நீங்கள் சந்தையில் வாங்கும் மத்தி, நெத்திலி, வஞ்சிரம், விரால் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே.

2007இல் ஜப்பானியர்கள் மெடாகா என்ற நெல்வயல் மீனை வைத்து இன்னும் நெருங்கிப் போனார்கள். இரட்டிப்புக்கு முந்தைய மூதாதைக்கு 13 குரோமோசோம் வகைகள் இருந்ததாகக் கணக்கிட்டார்கள் (டெட்ராடான் குழு 12 என்றிருந்தது). இரட்டித்த பின் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுக்குள் பெரிய இடமாற்றங்கள் எட்டு நடந்து, மெடாகாவின் 24 ஜோடி உருவாயிற்று. அதற்குப் பிறகு? ஒன்றும் இல்லை. 30 கோடி ஆண்டுகளாகக் குரோமோசோம்களுக்கு இடையே பெரிய கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாமல் அந்த 24 ஜோடி அப்படியே இருக்கிறது. டைனோசர்கள் வந்து போன காலம் முழுக்கவும் அது அசையவில்லை. மறுபக்கம், நம் நெருங்கிய உறவான கிப்பன்களைப் பாருங்கள். அவற்றின் பேரினங்களில் குரோமோசோம் எண்ணிக்கை 38, 44, 50, 52 என்று சிதறிக் கிடக்கிறது, அதுவும் மிகக் குறுகிய காலத்துக்குள். ஏணி எங்கே, படி எங்கே?

இரட்டிப்பு என்ற எண்ணமே புதிதல்ல. முதுகெலும்பிகளின் தொடக்கத்திலேயே ஜீனோம் முழுதாக இரட்டித்திருக்க வேண்டும் என்று சுசுமு ஓனோ 1970இல் புத்தகம் போட்டே சொல்லிவிட்டார். அன்றைக்கு அவரிடம் இருந்த சான்று சொற்பம். உடலின் தலை முதல் வால் வரை எந்த இடத்தில் எது வளர வேண்டும் என்று சொல்லும் ஹாக்ஸ் மரபணுக் கொத்து பின்னாளில் அவர் பக்கம் சாட்சிக்கு வந்தது. விலங்கியல் மாணவர்கள் எல்லோரும் படம் வரைந்திருக்கும் ஆம்பியாக்சஸில் அந்தக் கொத்து ஒன்று. மனிதனில் நான்கு: 2, 7, 12, 17ஆம் குரோமோசோம்களில் ஆளுக்கு ஒரு கொத்தாக. ஒன்று நான்கானது இரண்டு முறை இரட்டித்ததால். வரிக்குதிரை மீனில்? ஓரிகான் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1998இல் எண்ணியபோது ஏழு. மூன்றாவது இரட்டிப்பில் எட்டாகி, ஒன்று போய்விட்டது. சால்மன் வகையறாவிலும் சாதாக்கெண்டை வகையறாவிலும் நான்காவது தடவையும் தனித்தனியாக நடந்திருக்கிறது. கெண்டையில் அது நேற்றைய சங்கதி, ஒரு கோடி ஆண்டை ஒட்டித்தான். இரண்டு வேறு இனங்கள் கலந்து பிறந்த வம்சம் அது. 100 என்ற எண்ணின் ரகசியம் இவ்வளவே.

ஆக, ஜீனோம் இரட்டிப்பதுதான் மேன்மை என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், குழம்பில் கிடக்கும் கெண்டை நம்மைவிட இரண்டு சுற்று மூத்தது.

ஆம்பியாக்சஸைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இது. 2008இல் அதன் ஜீனோமையும் முதுகெலும்பிகளின் ஜீனோமையும் ஒப்பிட்டபோது, முதுகுநாணிகளின் ஆதி மூதாதைக்கு இருந்த 17 குரோமோசோம் தொகுதிகளை மீட்டெடுக்க முடிந்தது. உங்கள் உடம்பின் 23 ஜோடியையும் அந்தப் பதினேழின் துண்டுகளாக வண்ணம் தீட்டிக் காட்டலாம். ஒவ்வொரு வண்ணமும் பெரும்பாலும் நான்கு இடங்களில் வரும். 2020இல் குரோமோசோம் அளவில் முழுமையாகத் தைத்த ஆம்பியாக்சஸ் ஜீனோம் இன்னொன்றையும் காட்டியது. முதல் இரட்டிப்பு ஒரே இனத்துக்குள் நடந்தது. இரண்டாவது, இரண்டு இனங்கள் கலந்ததால் நடந்தது. தாடையுள்ள எல்லா உயிர்களும், சுறாவும் நாமும் உட்பட, அந்தக் கலப்பின் வாரிசுகள். தாடையில்லாத லாம்ப்ரே முதல் இரட்டிப்பை நம்மோடு பகிர்ந்துகொண்டு, அதன்பின் தன் வழியில் போய்விட்டது. அதற்கு 168 குரோமோசோம் வரை உண்டு. போதாக்குறைக்கு, கரு வளரும்போது உடல் செல்களில் இருந்து தன் டிஎன்ஏவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே கழற்றி வீசிவிடுகிறது. விந்திலும் முட்டையிலும் மட்டும் முழுதாக வைத்துக்கொள்ளும். இதை எந்தப் படியில் வைப்பீர்கள்?

டீலியோஸ்ட் மீன்கள் மூன்றாவது தடவை இரட்டித்து, பாதியைத் தொலைத்து, மிச்சத்தை மாற்றிக்கொண்டதால் அவற்றை மனிதனோடு நேராக ஒப்பிடுவது சிரமம். அங்கே கைகொடுத்தது வட அமெரிக்க ஆறுகளின் புள்ளிக் கார் மீன். நம்மூர் வண்ணமீன் கடைகளில் விற்கிறார்களே அலிகேட்டர் கார், அதன் உறவு. மூன்றாவது இரட்டிப்புக்கு முன்பே பிரிந்துபோன கிளை. 2016இல் அதன் ஜீனோம் வந்தபோது, 29 ஜோடியில் பல குரோமோசோம்கள் கோழியின் குரோமோசோம்களோடு முழுதுக்கு முழுது, அளவில்கூடப் பொருந்தின. கோழியும் காரும் பிரிந்து 40 கோடி ஆண்டுக்கு மேல். மனிதனுக்கும் வரிக்குதிரை மீனுக்கும் நடுவே நேராகத் தேடியபோது காணாமல் போயிருந்த மரபணுக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பல, கார் மீனை இடையில் வைத்துத் தேடியதும் அகப்பட்டன.

எண்ணிக்கை விழுந்ததும் சிலர் உடனே அளவுக்குத் தாவுகிறார்கள்: சரி சார், மொத்த டிஎன்ஏ அதிகம் இருந்தால்? தென் அமெரிக்க நுரையீரல் மீனுக்கு 9,100 கோடி எழுத்து. நம்மைப் போல முப்பது மடங்கு. அதன் 19 குரோமோசோம் வகைகளில் 18, ஒவ்வொன்றும் தனியாகவே மனிதனின் முழு ஜீனோமைவிடப் பெரியது. 2024இல் படித்து முடித்தார்கள். மரபணு மட்டும் கிட்டத்தட்ட நம் அளவு, 20,000 சொச்சம். மற்றதெல்லாம் தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும் தாவும் டிஎன்ஏ. கடந்த 10 கோடி ஆண்டுகளில் கோடி ஆண்டுக்கு ஒரு மனித ஜீனோம் அளவுக்கு மேல் பெருத்திருக்கிறது. அறிவு பெருத்ததாகத் தகவல் இல்லை.

மிச்ச நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை.

சீலகாந்த் மீன் 'உயிருள்ள புதைபடிவம்', கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறவே இல்லை என்பது ஒன்று. 1938இல் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கண்ணில் பட்ட நாளிலிருந்து இந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. 2013இல் ஜீனோம் வந்தது. புரதம் செய்யும் மரபணுக்கள் மெதுவாக மாறியிருக்கின்றன, உண்மை, நின்றுபோகவில்லை. கரை ஏறிய முதுகெலும்பிகளுக்கு நெருங்கிய உறவு சீலகாந்த் அல்ல, நுரையீரல் மீன் என்பதும் உறுதியாயிற்று. மெதுவாக மாறுவதில் யானைச்சுறா அதையும் மிஞ்சும்.

மனித மரபணுக்களில் 70 சதவீதத்துக்கு வரிக்குதிரை மீனில் இணை உண்டு; ஆகவே நாம் 70 சதவீதம் மீன் என்று ஒரு பேச்சு. சதவீதம் எதற்கு? வகைப்பாட்டுக் கிளையைப் பின்தொடர்ந்தால் நாம் முழுக்கவே மீன் கிளைக்குள் பிறந்தவர்கள்தான். கூச்சப்பட ஒன்றுமில்லை.

தசாவதாரத்தில் முதலில் மீன், பிறகு ஆமை, பிறகு பன்றி, ஆகவே நம் முன்னோர்களுக்குப் பரிணாமம் தெரியும் என்பது இன்னொன்று. இன்றைய ஆமை இன்றைய பன்றிக்குத் தாத்தா இல்லை. சேவிக்கிறவர்கள் சேவிக்கட்டும், பெருமாளுக்கு டார்வினிடம் நற்சான்று வாங்கித் தர வேண்டாம்.

கலப்பினக் கெண்டை சாப்பிட்டால் நம் ஜீன் கெட்டுவிடும் என்று ஒருவர் பண்ணைக் கூட்டத்திலேயே எழுந்து சொன்னார். வயிற்றுக்குள் போகும் டிஎன்ஏ ஜீரணமாகும், கத்திரிக்காயின் டிஎன்ஏ ஜீரணமாவது போலவே. சாப்பிடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. ஆற்றுக்குத்தான் ஆகும், அதைப் பற்றி யாரும் எழுந்து கேட்பதில்லை.

இங்கே எண்ணிக்கை மறுபடி ஏமாற்றுகிறது, இந்த முறை எதிர்ப்பக்கமாக. சாதாக்கெண்டையையும் ரோகுவையும் சேர்த்தால் 50ம் 25ம் கூடி 75 குரோமோசோமோடு மும்மடி மீன் பிறக்கும். மலடு, அதோடு கதை முடிந்தது. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் ஆளுக்கு 50. எண் பொருந்துகிறது, குஞ்சு பிறக்கிறது, அந்தக் குஞ்சும் இனப்பெருக்கம் செய்கிறது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சவுத்ரி பிட்யூட்டரிச் சாறு ஊசியால் கெண்டையை முட்டையிட வைத்துக் காட்டிய பிறகு ஆற்றை நம்பியிருந்த மீன் வளர்ப்பு குஞ்சுப் பொரிப்பகத்தை நம்பத் தொடங்கியது. பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் இடநெருக்கடியில் இரண்டு இனத் தாய்மீன்களை ஒரே தொட்டியில் விட்டால், வெளியே வருவது பார்வைக்குக் கட்லா, உள்ளே பாதி ரோகு. அதையே அடுத்த வருஷத் தாய்மீனாக வைத்துக்கொள்கிறார்கள். குரோமோசோம் எண்ணினால் 50 என்று சமர்த்தாகக் காட்டும். டிஎன்ஏ வரிசையைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

காவிரி மகாசீருக்கும் இதே கணக்குதான், விளைவு மட்டும் கொடியது. திமில் மகாசீர் உலகத்தில் காவிரி வடிநிலத்தில் மட்டும் உள்ள மீன். அதற்குச் சரியான அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று 2018இல்தான் உறுதியாயிற்று. அதற்கு உதவிய மீன்கள் நம் மோயாற்றில் கிடைத்தவை. அதே ஆண்டு மிக அருகிய இனம் என்று சிவப்புப் பட்டியலில் ஏறியது. பல பத்தாண்டுகளாக 'மகாசீர் பாதுகாப்பு' என்ற பெயரில் வேறு வடிநிலத்து நீலத்துடுப்பு மகாசீரின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காவிரியில் கொட்டினார்கள். அவை பெருகின. ஊர்க்காரன் ஒதுங்கினான். மகாசீர் என்று எழுதியிருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் செய்த வேலை.

ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் குஞ்சு விடும் விழாவுக்கு அழைப்பிதழ் வந்தால் நான் இப்போதெல்லாம் ஒரு பட்டியல் கேட்கிறேன்: தாய்மீன் எந்த ஆற்றில் பிடித்தது, எந்த ஆண்டு, எத்தனை ஜோடி, அவற்றின் துடுப்பு நுனி எத்தனாலில் எடுத்து வைத்திருக்கிறதா. பெரும்பாலும் பதில் வருவதில்லை, அடுத்த அழைப்பிதழும் வருவதில்லை. பரவாயில்லை. பொரிப்பகம் நடத்துகிறவர்கள் கட்லாத் தொட்டிக்கும் ரோகுத் தொட்டிக்கும் தனித்தனி வலையாவது வைத்துக்கொள்ளுங்கள். தாய்மீனை விலைக்கு வாங்கும்போது துடுப்பில் ஒரு துண்டு வெட்டி, தேதியும் இடமும் எழுதிய சீட்டோடு புட்டியில் போட்டு வையுங்கள்.